மூலிகைச் சேர்மங்கள் புற்றுநோயைக் குணமாக்குமா? கீமோ நடக்கும்போது கொடுக்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: "மூலிகைச் செடிகளில் உள்ள சேர்மங்கள் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதாக அடிக்கடி ஆய்வுகள் வருகின்றன. உண்மையென்றால் டாக்டர்கள் ஏன் கொடுப்பதில்லை? என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் நித்தியகல்யாணிக் கஷாயமும் மஞ்சள் சத்து மாத்திரையும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விதான் அவசரமானது, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கஷாயம் வேண்டாம். மாத்திரையை, அம்மாவுக்குக் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, கொடுத்ததை அவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம், அவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

இனி காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். நான் சில வருடங்கள் செடிச்சாறுகளைப் புற்றுநோய்ச் செல்கள்மேல் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்தவன். செடிகளின்மேல் எனக்கு நம்பிக்கையும் மரியாதையும் உண்டு. அந்த மரியாதையால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். டாக்டர்கள் கொடுப்பதில்லை என்பது சரியில்லை. அம்மாவின் சிகிச்சைத் தாளை எடுத்துப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான கீமோவில் பாக்லிடாக்ஸெல் அல்லது டோசிடாக்ஸெல் என்ற பெயர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டுமே யூ என்ற மரத்திலிருந்து வந்தவை. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் கொடுக்கும் வின்கிரிஸ்டின், உங்கள் சொந்தக்காரர் சொன்ன அதே நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. குடல் புற்றுநோய்க்கான இரினோடீகான் ஒரு சீன மரத்தின் வழியாக வந்தது. எடோபோசைடு, பொடோஃபில்லம் என்ற செடியின் வேர்த்தண்டில் இருக்கும் பிசினிலிருந்து தொடங்கியது. அதனால் செடியில் மருந்து இருக்கிறதா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. இருக்கிறது. அந்த மருந்து செடியில் எந்த நிலையில் இருக்கிறது, உடம்புக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

நித்தியகல்யாணியின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. 1952-ல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளருக்கு, டாக்டராக இருந்த அவருடைய அண்ணன் மூலமாக ஓர் உறையில் கொஞ்சம் இலைகள் வந்து சேர்ந்தன. ஜமைக்காவில் இந்த இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள், அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அனுப்பியிருந்தார்கள். நோபிள் சாறெடுத்து எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை. அப்புறம் ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தார். சில நாட்களில் எலிகள் செத்துப்போயின. சாதாரணமாக உடம்பு சமாளித்துவிடும் கிருமிகளே அவற்றைக் கொன்றிருந்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் தரைமட்டமாக இறங்கியிருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றிப்போயிருந்தது.

வேறொருவராக இருந்தால் விஷம் என்று எழுதி மூடிவைத்திருப்பார். நோபிளும், அவரோடு வந்து சேர்ந்த வேதியியலாளர் சார்லஸ் பீரும் அதைத் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் அடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய், அவற்றைக் குறைக்கும் பொருள் அங்கே உதவுமே என்று யோசித்தார்கள். சாற்றைப் பிரித்துப் பிரித்து 1958-ல் வின்பிளாஸ்டினைத் தனியாக எடுத்தார்கள். அதே காலத்தில் 'எலி லில்லி' என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்திலும் இந்தச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து வின்கிரிஸ்டின் வந்தது, 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1950களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைப்பது மிக அரிது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். வின்கிரிஸ்டின் தனியாகச் சாதித்ததில்லை இது, பல மருந்துகளின் கூட்டணி. ஆனாலும் அந்தக் கூட்டணியில் அதற்கு இன்றும் நிரந்தர இடம் உண்டு.

இப்போது கஷாயத்துக்கு வருவோம். அந்த எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது, எதிர்பார்த்த பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஊசியில் ஏற்றியபோது அதே சாறு கொன்றது. பிரித்தெடுத்து, அளந்து கொடுத்த பிறகுதான் அது மருந்தானது. அளவைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு வின்கிரிஸ்டின் வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. ஒரு சிட்டிகை உப்பைவிடவும் மிகக் குறைந்த எடை. செடியிலோ இது மிகமிகக் குறைவு. 1 கிராம் எடுக்க அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு ஊசிக்கு 1 கிலோ காய்ந்த இலை. அந்த 1 கிலோ இலையில் வின்கிரிஸ்டின் மட்டும் இருப்பதில்லை, ஆல்கலாய்டு என்னும் வீரியமான செடிச் சேர்மங்கள் வேறு நூற்றுக்கும் மேல் சேர்ந்தே இருக்கின்றன. ரத்த அழுத்தத்தை இறக்குவது, கல்லீரலைத் தொந்தரவு செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒரு பிடி இலையைக் கொதிக்கவைத்தால் எதில் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே செடியில் இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும்கூட அளவு மாறும். கீமோவால் ஏற்கெனவே வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் ஒருவருக்கு, வெள்ளை அணுக்களைக் குறைக்கும் குணமுள்ள செடியை அளவு தெரியாமல் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த மருந்துகள் என்னதான் செய்கின்றன? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டிப்பான குரோமோசோம்களை இரண்டு பக்கமும் பங்குபோட்டு இழுக்க, செல்லுக்குள் மெல்லிய கயிறுகள் போன்ற நுண்குழல்கள் உருவாகும். டியூபுலின் என்ற புரத மணிகளைக் கோத்துச் செல் அவற்றைக் கட்டும், வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடும். வின்கிரிஸ்டின் மணிகளைக் கோக்க விடாது. பாக்லிடாக்ஸெல் இதற்கு நேரெதிர், கோத்த கயிற்றை அவிழ்க்க விடாது. 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை இப்படியும் ஒரு மருந்து வேலை செய்யும் என்று யாரும் நினைத்ததில்லை. எதுவானாலும் முடிவு ஒன்றுதான். பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்ட செல் செத்துப்போகும். புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பிரிவதால் அதிகம் அடிபடுகின்றன. முடியின் வேரும் குடலின் உள்படலமும் எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பிரிபவைதான், அதனால் அவையும் அடிபடுகின்றன. அம்மா விரல் நுனியில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று சொன்னால், அதற்கும் இந்த நுண்குழல்கள்தான் காரணமாக இருக்கலாம். நரம்புகள் தங்கள் நீண்ட இழைகளுக்குள் சத்துகளைக் கடத்த இதே குழல்களைத் தண்டவாளம் போலப் பயன்படுத்துகின்றன. அப்படிச் சொன்னால் டாக்டரிடம் உடனே தெரிவியுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

செடி இதையெல்லாம் நமக்காகச் செய்து வைக்கவில்லை. ஓட முடியாத உயிர், கடிக்க வருபவனுக்கு எதிராக ரசாயனத்தைத்தான் ஆயுதமாக வைத்திருக்கிறது. பூச்சிக்கும் ஆட்டுக்கும் நமக்கும் செல் பிரியும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே பூச்சியின் செல்லை நிறுத்தும் விஷம் கட்டியின் செல்லையும் நிறுத்தும், நம்முடைய நல்ல செல்லையும் நிறுத்தும். செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் வின்கிரிஸ்டினைப் போலவே டியூபுலினைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் கட்டிச் செல்களை அருமையாகக் கொல்லும். ஆனால் கட்டியைக் கொல்லும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கவுட் என்னும் மூட்டு வலிக்குச் சின்ன அளவில் கொடுக்கிறார்கள், புற்றுநோய்க்கு அது மருந்தாகவில்லை. ஒரே இலக்கைத் தாக்கும் இரண்டு செடிப் பொருள்களில் ஒன்று உயிர் காக்கிறது, மற்றது விஷப் பட்டியலில் இருக்கிறது. இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருடச் சோதனைகளும்.

யூ மரத்தின் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. 1962-ல் அமெரிக்க அரசின் தேடலில் ஒரு தாவரவியலாளர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்து பாக்லிடாக்ஸெலைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது 1992-ல். முழுதாக 30 வருடம். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் தேவைப்பட்டன, அந்த மரமோ மிக மெதுவாக வளர்வது. காடே காலியாகிவிடும் என்ற நிலையில், ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் இருக்கும் நெருங்கிய உறவுச் சேர்மம் ஒன்றை எடுத்து, ஆய்வகத்தில் மீதியைக் கட்டி முடிக்கும் வழி கிடைத்தது. இலை மறுபடி துளிர்க்கும், மரம் பிழைத்தது. பிறகு செடிச் செல்களைத் தொட்டியில் வளர்த்தே எடுக்கும் முறையும் வந்தது.

சரி, யூ இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால்? பாக்லிடாக்ஸெல் தண்ணீரில் கரையவே கரையாது. வாய்வழி போனாலும் குடல் அதைப் பெரும்பாலும் உள்ளே விடாது. தண்ணீரில் இறங்குவது டாக்ஸீன் என்ற வேறு ஆல்கலாய்டு, அது இதயத்தை நிறுத்திவிடும். அதாவது மருந்து சட்டியிலேயே தங்கிவிடும், விஷம் டம்ளருக்கு வரும். 'செடியில் மருந்து இருக்கிறது, ஆகவே செடியைச் சாப்பிடலாம்' என்ற நினைப்புக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த கதை, இரினோடீகானுக்கு மூலமான கேம்ப்டோதீசினுடையது. அதே வாலும் வானியும் 1966-ல் சீன மரம் ஒன்றிலிருந்து பிரித்தார்கள். தண்ணீரில் கரையவில்லை என்று உப்பாக மாற்றி 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் குறைவு, சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு, எலும்பு மஜ்ஜைப் பாதிப்பு. கைவிட்டார்கள். உப்பாக மாற்றியபோது மூலக்கூறில் ஒரு வளையம் திறந்துகொண்டது, வீரியம் இருந்ததே அந்த வளையத்தில்தான் என்பது பிறகுதான் தெளிவானது. 1985-ல் அது டோபோஐசோமரேஸ் 1 என்ற நொதியை, டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் நேரத்தில் மாட்டவைக்கிறது என்று கண்டார்கள். அதன் பிறகு வளையம் கெடாமல், தண்ணீரில் கரையும்படி மூலக்கூறைத் திருத்தினார்கள். 1996-ல் டோபோடீகான், இரினோடீகான் இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கதை அங்கே முடியவில்லை. இந்தக் குடும்பத்து மூலக்கூறு ஒன்றை, கட்டிச் செல்லின் மேல் இருக்கும் ஹெர்2 புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற இன்னொரு புரதத்தில் கட்டி அனுப்புகிறார்கள். ட்ராஸ்டுஜுமாப் டெரக்ஸ்டீகான் என்று பெயர், 2019-ல் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுநோய்க்கு இன்று இருக்கும் மிக வலுவான மருந்துகளில் அது ஒன்று. இதே உத்தியில் 2013-ல் வந்தது ட்ராஸ்டுஜுமாப் எம்டான்சின். அதில் ஏற்றியிருப்பது மேடான்சின் என்ற சேர்மத்தின் திருத்திய வடிவம். எத்தியோப்பியப் புதர்ச்செடி ஒன்றிலிருந்து 1972-ல் பிரித்தது. வின்கிரிஸ்டினைவிட நூறு மடங்குக்கும் மேல் வீரியம் என்பதால் தனியாகக் கொடுத்தபோது உடம்பு தாங்கவில்லை, அதையும் கைவிட்டிருந்தார்கள். முகவரி எழுதி அனுப்பத் தெரிந்த பிறகு அதுவே மருந்தாயிற்று. செடிச் சேர்மங்களின் காலம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் இந்த இரண்டையும்தான் காட்டுவேன்.

இப்போது "ஆய்வுகள் வருகின்றனவே" என்ற பகுதி. அந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் குடுவையின் அடியில் கரும்பச்சையாகத் தார் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்டியில் வராது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதை வேறொரு திரவத்தில் கரைத்து, 96 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்கள்மேல் வெவ்வேறு அளவில் விடுவோம். இரண்டு மூன்று நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்தால், உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும். செல்கள் செத்த குழிகள் மஞ்சளாகவே நிற்கும். முதல் தடவை தட்டின் ஒரு பக்கம் ஊதாவாகவும் மறுபக்கம் வெளிறிப்போயும் இருப்பதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்றே நம்பினேன். எனக்கு வழிகாட்டிய மூத்தவர் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நல்ல செல்லில் போட்டுப் பார்த்தீர்களா?" போட்டுப் பார்த்தேன். அதே அளவில் நல்ல செல்களும் செத்துப்போயிருந்தன.

அந்தத் தட்டில் கல்லீரல் இல்லை, குடல் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. செல்கள் மூன்று நாளும் அந்தச் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கும். அளவைக் கூட்டினால் உப்பும் வினிகரும்கூட அவற்றைக் கொன்றுவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. நிறமுள்ள சேர்மங்களும், ஆன்டிஆக்ஸிடன்ட் குணமுள்ள சேர்மங்களும் அந்தச் சாயத்தோடு தாங்களே வினைபுரிந்து அளவீட்டைக் கெடுத்துவிடும். இத்தனைக்கும் பிறகு, தட்டில் செல் செத்தது என்ற முடிவு 'புற்றுநோய்க்கு எதிரான ஆற்றல்' என்ற தலைப்போடு வெளிவரும். தலைப்பு பொய் சொல்லவில்லை. அது முதல் படி. அதற்குப் பின்னால் எலி, அப்புறம் மனிதரில் பாதுகாப்பு, சரியான அளவு, பலன், கடைசியில் ஏற்கெனவே உள்ள சிகிச்சையோடு ஒப்பீடு என்று ஏறவேண்டிய படிகள் இருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செடிச்சாறுகளைச் சோதித்தது. அத்தனையிலிருந்தும் பெரிய மருந்துக் குடும்பங்களாக நிலைத்தவை பாக்லிடாக்ஸெலும் கேம்ப்டோதீசினும்தான். முதல் படியில் நிற்பதும் கடைசிப் படியைத் தொடுவதும் அவ்வளவு தூரம்.

மஞ்சளின் குர்குமின் இந்தத் தூரத்துக்கு நல்ல உதாரணம். தட்டில் அது ஏறக்குறைய எல்லாப் புற்றுநோய்ச் செல்களையும் தாக்கும், பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் அளவை ஒட்டி. ஒரு மில்லிலிட்டரில் கிட்டத்தட்ட 3,700 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008-ல் வெளியான ஒரு சோதனையில் கணையப் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தினமும் 8 கிராம் குர்குமின் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். கிடைத்தது மில்லிலிட்டருக்கு 22 முதல் 41 நானோகிராம். நூறில் ஒரு பங்கு. குடல் உறிஞ்சுவது குறைவு, உறிஞ்சியதைக் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், அந்தச் சோதனையில் ஒருவருக்குக் கட்டி கொஞ்ச காலம் நன்றாகச் சுருங்கியது, இன்னொருவருக்கு நோய் ஒன்றரை வருடத்துக்கு மேல் வளராமல் நின்றது. மற்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் குர்குமின் பற்றிய அதுவரையான ஆய்வுகளை அலசியபோது, அது பல சோதனை முறைகளைத் தானே குழப்பி, இல்லாத பலனை இருப்பதாகக் காட்டும் மூலக்கூறு என்றும், ஒழுங்காக நடத்திய மனிதச் சோதனை எதிலும் ஜெயித்ததில்லை என்றும் எழுதினார்கள்.

உறிஞ்சலைக் கூட்ட மாத்திரையில் மிளகின் பிப்பெரினைச் சேர்க்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. பிப்பெரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறக்காது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல், குடல் நொதிகளையே அது மட்டுப்படுத்துகிறது, மற்ற மருந்துகளின் அளவும் அதனால் மாறலாம். இத்தகைய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் வீக்கம் வந்தவர்களைப் பற்றிய தொகுப்பு 2022-ல் வெளியானது. அதில் சோதித்த ஏழு மாத்திரைகளில் மூன்றில் பிப்பெரின் இருந்தது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, அதை நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த நொதி விஷயம் உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்தும். கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதி, டோசிடாக்ஸெல் உட்படப் பல கீமோ மருந்துகளைச் சிதைக்கிறது. ஒரு மூலிகை அதைத் தூண்டிவிட்டால் மருந்து சீக்கிரம் கரைந்து பலன் குறையும், அடக்கினால் மருந்து தேங்கி விஷமாகும். மன உளைச்சலுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடீகானோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, வேலை செய்யும் மருந்து வடிவம் ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு எதுவும் தெரியாது. பக்கவிளைவு குறைந்திருக்கிறது, மூலிகை நன்றாக வேலை செய்கிறது என்றுகூட நினைப்பார். கிரீன் டீயில் உள்ள ஈஜிசிஜி என்ற சேர்மம், போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைத் தானே பிடித்துக் கட்டிப்போடுவது எலிகளில் தெரிந்தது. கீமோ அளவுகளை டாக்டர் எவ்வளவு நெருக்கமாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், நடுவில் இன்னொரு கை புகுவது ஏன் ஆபத்து என்பதும் விளங்கும்.

இயற்கையானது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆடுதின்னாப்பாளை, பெருமருந்து என்று சொல்லும் ஈஸ்வரமூலி எல்லாம் அரிஸ்டலோகியா குடும்பம். அவற்றில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது மாத்திரை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகியிருந்தது. ஆப்ரிகாட் பழக்கொட்டைப் பருப்பில் உள்ள அமிக்டலின் என்ற சேர்மத்தை 'வைட்டமின் பி17' என்று விற்றார்கள், அது வைட்டமினே இல்லை. 1982-ல் 178 பேரில் நடந்த சோதனையில் கட்டி கட்டுப்படவில்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியது. கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் முள்சீத்தாவும் இப்படித்தான், அந்த எண் தட்டில் வளர்ந்த செல்களிலிருந்து வந்தது. அதை வழக்கமாகச் சாப்பிடும் கரீபியத் தீவு மக்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் தெரிய, அதில் உள்ள அனோனாசின் என்ற சேர்மத்தின்மேல் சந்தேகம் இருக்கிறது.

கம்பெனிகள் மறைக்கின்றன, செடிக்குக் காப்புரிமை கிடைக்காது என்று உங்கள் சொந்தக்காரர் சொல்லலாம். பாக்லிடாக்ஸெல் மூலக்கூறுக்கும் காப்புரிமை கிடைக்கவில்லை. அதை விற்ற நிறுவனம் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. உண்மையில் வேலை செய்யும் செடி கிடைத்தால் துரத்திக்கொண்டு ஓட ஆள் இருக்கிறது.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, எதுவும் செய்ய முடியாமல் இருப்பது தாங்க முடியாத வேதனை. கையில் ஒரு டம்ளர் கஷாயமாவது கொடுக்கலாமே என்று தோன்றும். அதே வேதனையில்தான் சிலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில், பரவாத நிலையில் இருந்த 281 பேர் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவம் மட்டும் எடுத்துக்கொண்டதை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்தரை மடங்குக்கும் மேல். குணமாக்கக்கூடிய புற்றுநோய்களில் இருந்தவர்கள் அவர்கள். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், குமட்டலுக்கு இஞ்சி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குமட்டல் மாத்திரையோடு சேர்த்துச் சின்ன அளவில் எடுத்தவர்களுக்குக் கீமோ நாளின் குமட்டல் குறைந்ததாக ஒரு பெரிய சோதனை காட்டியது, வேறு சிலவற்றில் அவ்வளவு பலன் தெரியவில்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் அவர் வேண்டாம் என்பார், கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல சாப்பாடு, புரதம், கைகழுவல், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புவது, இவை எந்தக் கஷாயத்தையும்விட இந்த நேரத்தில் உயிர் காப்பவை. அப்புறம் ஒரு தாள் எடுத்து, அம்மா வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: மாத்திரை, சத்துப் பொடி, தைலம், டீ, யாரோ கொடுத்த லேகியம். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அடுத்த தடவை போகும்போது அந்த டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.